கிழியாத வலை

நம் பல்கலைக்கழகங்களின் விலங்கியல், கடல்வாழ் உயிரியல் துறைகளைக் குறை சொல்ல ஆள் நிறைய உண்டு. நிறையைச் சொல்ல யாரும் முன்வருவதில்லை. அதனால் நான் சொல்கிறேன். எனக்கு ஊர் குருவிகுளம். சங்கரன்கோவிலுக்கும் கோவில்பட்டிக்கும் நடுவே, கரிசல் காட்டில். கடல் பார்க்க வேண்டுமென்றால் கோவில்பட்டி போய்த் தூத்துக்குடிக்குப் பஸ் மாற வேண்டும். ஆனால் எங்கள் மண்ணுக்குக் கடலோடு உள்ள உறவு பஸ் விடுவதற்கு முந்தியது. ஐப்பசி கார்த்திகையில் எங்கள் பக்கத்து ஓடைகளில் திரண்டு வரும் தண்ணீர் வைப்பாற்றில் சேர்ந்து, விளாத்திகுளம் தாண்டி, சிப்பிகுளத்துப் பக்கம் மன்னார் வளைகுடாவில்தான் போய் விழுகிறது. எங்கள் காட்டில் தெளித்த மருந்தும் அந்த வழியாகத்தான் போகும். அந்த உரிமையில் பேசுகிறேன். இதில் ஒரு வரிகூட மிகை கிடையாது.

முதலில் ரெக்கார்டு நோட்டு. என் அண்ணன் மகள் பி.எஸ்சி. விலங்கியல் முடித்தவள். அவள் வரைந்த நோட்டை வாங்கி நிதானமாகப் பார்த்தேன். பலனோகிளாசஸ் என்ற கடற்புழுவின் படம் ஒரு முழுப் பக்கம். முன்னால் நீட்டிய மூக்கு, அதை அடுத்துக் கழுத்துப்பட்டை, பிறகு நீண்ட உடல், பக்கவாட்டில் செவுள் துளைகள். ஒவ்வொரு உறுப்புக்கும் அளவுகோல் வைத்து இழுத்த கோடு. பென்சில் முனையால் புள்ளி புள்ளியாக வைத்த நிழல். ஒரு இடத்தில்கூட அழிரப்பர் தேய்த்த தடம் இல்லை. முதுகெலும்புள்ள உயிர்களுக்கும் இல்லாத உயிர்களுக்கும் நடுவே நிற்கிறது என்பதால் பாடத்தில் இந்தப் புழுவுக்குத் தனி மதிப்பு. அது வேறெங்கோ இல்லை. பாம்பனுக்குப் பக்கத்தில் குருசடைத் தீவின் மணலுக்குள் வாழ்கிறது.

"இதை நீ நேர்ல பாத்திருக்கியாம்மா?"

"பாத்திருக்கேன் சித்தப்பா. லேப்ல, குப்பிக்குள்ள. வெள்ளையா கெடந்துச்சு."

"உயிரோட என்ன நெறம்?"

"கலர் அடிக்கச் சொல்லல சித்தப்பா."

உயிரோடு இருக்கும்போது அது மஞ்சள். ஃபார்மலினில் கிடந்தால் எல்லா உயிரும் வெளுத்துப்போகும். கையில் எடுத்தால் அயோடோபார்ம் நெடி அடிக்கும் என்று பாடநூலில் இருக்கிறது. தேர்விலும் அவள் அதை எழுதியிருக்கிறாள், மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறாள். அந்த நெடியை அவள் மோந்ததில்லை. அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவரும் மோந்திருப்பாரா என்பது எனக்குச் சந்தேகம். மோந்து பார்க்காத இரண்டு பேருக்கு நடுவே ஒரு நெடி தவறில்லாமல் கைமாறியிருக்கிறது. இத்தனை துல்லியமாகப் பாடத்தைக் காப்பாற்றித் தருகிற கற்பித்தலைப் பாராட்டாமல் எப்படி இருக்க முடியும்?

கல்விச் சுற்றுலாவும் நடந்தது. ராத்திரி பஸ் ஏறி, விடியலில் ராமேஸ்வரம் கோயில், பிறகு தனுஷ்கோடி, பாம்பன் பாலம், மண்டபத்தில் கண்ணாடித் தொட்டி மீன்கள், மறுபடி பஸ். அத்தனை பெண்பிள்ளைகளையும் ஒருவர் கால்கூடக் கடலில் நனையாமல் பத்திரமாக வீடு கொண்டுவந்து சேர்த்தார்கள். பெற்றவர்கள் சார்பில் நன்றி. அறிக்கையும் எழுதி, பைண்டு போட்டு, உள்மதிப்பீட்டுக்குக் கொடுத்தாயிற்று.

அவள் படித்த கல்லூரியின் அருங்காட்சியகத்தை ஒரு விழா நாளில் திறந்து காட்டினார்கள். குப்பிகள் வரிசை வரிசையாக, தூசி படியாமல் இருந்தன. ஓர் அலமாரியில் மிதவை உயிரிகளைப் பிடிக்கிற வலை ஒன்று. வாயில் பித்தளை வளையம், பட்டுபோல் நைஸான துணி, அடியில் சேகரிக்கும் குப்பி. வாங்கிய நாளின் மடிப்பு இன்னும் கலையவில்லை. இருப்புப் பதிவேட்டில் வருடந்தோறும் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். வேம்பாரிலும் தருவைகுளத்திலும் கரையில் உட்கார்ந்து வலை பொத்துகிறவர்களை எனக்குத் தெரியும். கடலடிப் பாறையான பாரில் சிக்கிக் கிழிந்தது, நண்டு கடித்துப் போனது என்று அவர்கள் வலை என்றைக்கும் ஓட்டைதான். பொருளைப் பேணுவதில் கல்லூரிக்கு அவர்கள் நிகராக மாட்டார்கள்.

இனி பெரிய இடங்களுக்கு வருகிறேன். மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1947 பிப்ரவரியில் தொடங்கப்பட்டது. சுதந்திரத்துக்கு ஆறு மாதம் முந்தி. பல காலம் அதன் இருப்பிடம் மண்டபம். வடக்கே பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்று முகத்துவாரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் ஒரு கடல் உயிரியல் நிலையத்தையே வளர்த்தெடுத்தது. எங்கள் பக்கத்து மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்துக்கு ஆழ்வார்குறிச்சியில் சுற்றுச்சூழலுக்கு ஒரு மையம், ராஜாக்கமங்கலத்தில் கடலுக்கு ஒரு மையம். இவற்றில் உட்கார்ந்து மெய்யாகவே வேலை செய்தவர்களை நினைத்தால் எனக்கு மனம் நிறைகிறது. தூத்துக்குடியில் 1973-ல் சிப்பிக்குள் கரு வைத்து உருண்டை முத்து விளைவித்துக் காட்டினார் அழகர்சாமி. 1981-ல் முத்துச்சிப்பிக் குஞ்சுகளைத் தொட்டியிலேயே பொரிக்க வைத்தார்கள். 1988-ல் டி. பி. ஜேம்ஸ் கடல் அட்டையின் முட்டையிலிருந்து குஞ்சு எடுத்து வளர்த்தார். சின்ன வேலையா இது? கடலுக்கு அடியில் நடக்கிற பிரசவத்தைக் கரையில் நடத்திக் காட்டியவர்கள்.

தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பு கடைசியாக நடந்தது 1961-ல். முத்து விளைவிக்கும் வித்தை கைக்கு வந்தபோது பார்களில் குளிக்கப் போவார் இல்லை. வித்தை வந்து அரை நூற்றாண்டு ஆகிறது. திரேஸ்புரத்தில் முத்துக் குளித்தவர்களின் பேரன்கள் சங்குக்குக் குளிக்கிறார்கள். வித்தை பழுதாகவில்லை. அதன் கட்டுரைகளும் பத்திரமாக இருக்கின்றன.

கடல் அட்டை விஷயத்தில் நம் சாதனை இதைவிடப் பெரிது. நாம் தின்னாத பொருள் அது. அவித்துக் காயவைத்துச் சீனத்துக்கும் சிங்கப்பூருக்கும் அனுப்பிய வரைக்கும் பாம்பனிலிருந்து தூத்துக்குடி வரை அதை நம்பி எத்தனையோ அடுப்பு எரிந்தது. 2001-ல் அட்டை முழுவதையும் வனஉயிர்ச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். புலிக்கு இருக்கிற பாதுகாப்பு அட்டைக்கும் வந்தது. அட்டை குறைந்து வந்தது நிஜம். காக்க நினைத்ததில் எனக்குப் பேதம் இல்லை. ஆனால் குஞ்சு பொரிக்கத் தெரிந்து பதின்மூன்று வருடம் கழித்து வந்த தடை அது. எந்த இனத்தை எந்த மாதத்தில் எவ்வளவு எடுக்கலாம், எந்தப் பாரை எத்தனை வருடம் ஓய விடலாம், தொட்டிக் குஞ்சை எங்கே விடலாம் என்று கணக்குப் போட்டுக் கொடுக்கக்கூடிய அறிவு நம்மிடம்தான் இருந்தது. அது நூலகத்தில் இருந்தது. அட்டையோடு பிடிபட்டவன் ராமநாதபுரத்தில் கோர்ட்டுக்கு அலைந்தான். பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கம் இலங்கையில் உரிமம் வாங்கி அட்டை பிடிக்கிறார்கள், வேலி கட்டிப் பண்ணையும் வைக்கிறார்கள். இக்கரையில் திருட்டாகப் பிடித்த அட்டை அக்கரைக்குப் போய்ச் சேர்ந்து சரக்காகிறது. இரண்டு கரைக்கும் நடுவே ஒரே கடல், ஒரே அட்டை. இதையும் ஒரு துறை ஆய்வுக் கட்டுரையாக எழுதிவிடும். அந்தச் சுறுசுறுப்பில் எனக்கு நம்பிக்கை உண்டு.

ஆய்வேடுகளுக்கு வருவோம். சோத்கங்கா என்ற இணையக் களஞ்சியத்தில் யார் வேண்டுமானாலும் ஆய்வேடுகளைத் திறந்து படிக்கலாம். மன்னார் வளைகுடா பற்றியவற்றை எடுத்தால் முதல் அத்தியாயம் அநேகமாக ஒரே நடையில் போகும். தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே 21 தீவுகள். 1986-ல் கடல்சார் தேசியப் பூங்கா. 1989-ல் 10,500 சதுர கிலோமீட்டரில் உயிர்க்கோளக் காப்பகம். 3,600 வகை உயிரினங்கள். ஒருவர் எழுதியதை அடுத்தவர் மாற்றாத இந்த மரியாதை அபூர்வம். அந்த 21-ல் தூத்துக்குடிப் பக்கம் ஒன்றும் கீழக்கரைப் பக்கம் ஒன்றுமாக இரண்டு தீவுகள் கடலுக்குள் மூழ்கிவிட்டன. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளப்பாறையை வெட்டிப் படகு படகாகக் கொண்டுபோனது அதற்கு ஒரு பெரிய காரணம். அந்த வெட்டு 2005 வாக்கில்தான் நின்றது. வெட்டு நடந்துகொண்டிருந்த பத்தாண்டுகளிலும் அந்தப் பாறைகளில் வாழும் இனங்களின் பட்டியல்கள் இடைவிடாமல் வெளிவந்தன. பாறை குறையக் குறையப் பட்டியல் நீண்டது.

பட்டியலுக்குப் பின்னால் ஒரு ஆள் இருக்கிறார். இருபது மீட்டர் நாடாவைப் பாரின் மேல் விரித்து, நாடாவுக்கு அடியில் எத்தனை சென்டிமீட்டர் உயிருள்ள பவளம், எத்தனை செத்தது, எத்தனை மணல் என்று எழுதுவது கள ஆய்வின் ஒரு முறை. ஆய்வு மாணவருக்கு நாடா பிடிக்கத் தெரியும். அந்தப் பார் எங்கே இருக்கிறது, கச்சான் வீசும்போது அங்கே தண்ணீர் தெளியுமா, எந்தப் பக்கம் இறங்கினால் நீரோட்டம் இழுக்கும் என்பதெல்லாம் அவரைக் கூட்டிக்கொண்டு போன சங்குக்காரருக்குத்தான் தெரியும். மூச்சடக்கி முக்குளித்து வாழ்ந்தவர் அவர். எந்த மாதம் ஓரா மீன் கடல் தாழையில் மேயும், எந்த வருடம் பவளம் வெளுத்தது என்பதெல்லாம் அவர் நினைவில் இருக்கிறது. கடல் சூடேறிப் பவளம் வெளுத்த 1998, 2010, 2016 ஆகிய மூன்று தடவையும் அவர் கடலுக்குள் இருந்தவர். ஆய்வேட்டில் நெறியாளருக்கு ஒரு பத்தி, துணைவேந்தருக்கு ஒரு பத்தி, தட்டச்சு செய்தவருக்கு ஒரு வரி, கடைசியில் 'களப்பணியில் உதவிய மீனவ நண்பர்களுக்கும்' என்று ஒரு சொல்லடுக்கு. நண்பர் என்று சொன்னது பெரிய மனது. பெயரைப் போட்டிருந்தால் கட்டுரையில் பங்கு கேட்டிருப்பாரோ என்னவோ.

கடற்கரை என்று வந்தபிறகு திமிங்கிலத்தை விட முடியாது. 1973 ஜனவரியில் மணப்பாடு கரையில் 147 திமிங்கிலங்கள் ஒதுங்கின. மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தினர் அளந்து, இனம் கண்டு, கட்டுரையாக எழுதிவைத்தார்கள். அந்த எண்ணை இன்றைக்கு நாம் சொல்ல முடிவது அவர்களால்தான். 2016 ஜனவரியில் அதே கரையில், அதே இனம், எண்பதுக்கும் மேல் மறுபடி ஒதுங்கியது. இரவோடு இரவாகக் கயிறு கட்டி வள்ளத்தில் இழுத்து ஆழத்தில் விட்டவர்கள் அந்த ஊர் மீனவர்கள். விட்டவற்றில் பல திரும்பிவந்து செத்தன. ஏன் திரும்பின என்று அவர்கள் கேட்டார்கள். நம்மிடம் நாற்பத்து மூன்று வருடத்துக்கு முந்திய கட்டுரை இருந்தது.

பாம்பன் சின்னப்பாலத்துப் பெண்கள் மரிக்கொழுந்துப் பாசி எடுக்கிறார்கள். கையில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி, மூச்சடக்கி முங்கி எடுக்கிற வேலை. மாதத்தில் பன்னிரண்டு நாள்தான் எடுப்பது, மீன்பிடித் தடைக்காலத்தில் நிறுத்திவிடுவது என்று தங்களுக்குள்ளேயே கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவரான லட்சுமி மூர்த்திக்கு 2015-ல் சீகாலஜி என்ற சர்வதேச விருது கிடைத்தது. அறுவடைச் சூழலியல் என்று எம்.எஸ்சி.யில் ஒரு தாளே வைக்கலாம். பாடம் எடுக்க அவருக்குத்தான் தகுதி. தகுதித் தேர்வு எழுதாதவரை வகுப்பறைக்குள் விடாமல் நெறிமுறை காத்த பல்கலைக்கழகங்களின் உறுதி உறுதிதான்.

அதே பாம்பன் கடலில் பிலிப்பைன்ஸ் பக்கத்துக் கப்பாபைகஸ் பாசியை 1990களில் வளர்த்துப் பார்த்ததும் ஓர் ஆராய்ச்சி நிலையம்தான். அது பரவாது என்றார்கள். குருசடையில் பவளத்தின் மேல் அது படர்ந்து மூடியிருப்பதை 2008-ல் மதுரை ஆய்வாளர்கள் படத்தோடு வெளியிட்டார்கள். இந்த வேலையை நான் மனமாரப் பாராட்டுகிறேன். கால் நனைத்துப் போய்ப் பார்த்த வேலை அது. பரவவில்லை என்று மறுத்தும் கட்டுரைகள் வந்தன. இரண்டு தரப்பும் ஆங்கிலத்தில், இரண்டு தரப்பும் மேற்கோள்களோடு. பாசி இவற்றைப் படிக்கவில்லை. 2023-ல் ராமநாதபுரம் மாவட்டம் வளமாவூரில் 127 கோடி ரூபாய் கடற்பாசிப் பூங்காவுக்கு அடிக்கல் நாட்டினார்கள். கட்டுரைப் போரில் யார் வென்றார்கள் என்று அந்த மேடையில் யாரும் கேட்கவில்லை.

கட்டுரைகளின் விளைச்சலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2010 முதல் ஆசிரியர்களின் பதவி உயர்வுக்கு வெளியீடுகளுக்குப் புள்ளி போட்டார்கள். ஆய்வேடு கொடுப்பதற்குள் ஒரு கட்டுரையாவது அச்சாகியிருக்க வேண்டும் என்று மாணவருக்கும் விதி இருந்தது. மழையில்லாத வருடத்திலும் விளைகிற பயிர் அது ஒன்றுதான். 2018 மே மாதம் பல்கலைக்கழக மானியக் குழு தன்னுடைய பட்டியலிலிருந்தே 4,305 இதழ்களை ஒரே நாளில் நீக்கியது. அத்தனை இதழுக்கும் எழுதிக் கொடுக்க ஆள் இருந்திருக்கிறார்கள்! மத்தியப் பல்கலைக்கழகத்தில் நெட் தேறாத ஆய்வு மாணவருக்கு மாதம் 8,000 ரூபாய் என்று இருந்தது; நம் மாநிலக் கல்லூரிகளில் பலருக்கு அதுவும் இல்லை. படகு வாடகை, டீசல், தீவுக்குப் போக வனத்துறை அனுமதிக்கு அலைச்சல், இதற்கு நடுவே வந்த கட்டுரைகள் இவை. அந்தப் பிள்ளைகளின் பொறுமையை யாரும் பாராட்டியதில்லை. கைப்பணம் போட்டுக் கடலுக்குப் போன பிள்ளையும், போகாமலே வரைபடம் போட்ட பிள்ளையும் ஒரே பட்டம் வாங்குகிறார்கள். இந்தச் சமத்துவத்தை நிலைநாட்டியவர்களுக்கும் ஒரு மாலை போட வேண்டும்.

கடலை விட்டு எங்கள் கரிசலுக்கு வருகிறேன். குளிர்காலத்தில் எங்கள் காட்டுக்கு மேல் பூனைப் பருந்துகள் தணிந்து பறக்கும். கசகஸ்தானின் புல்வெளியிலிருந்து வருகிறவை. இங்கே வெட்டுக்கிளி தின்று, ராத்திரி தரையிலேயே கூட்டமாக அடையும். அவை அடையும் தரிசுகளில் இப்போது காற்றாலைகள் நிற்கின்றன. 2018-ல் இந்தியாவுக்கு வந்த படைப்புழு அந்தப் பட்டத்திலேயே எங்கள் மக்காச்சோளத்தைத் தின்று தீர்த்தது. என்ன மருந்து அடிப்பது என்று தெரியாமல் கடைக்காரர் கொடுத்ததையெல்லாம் அடித்தோம். அந்த மருந்துக்கு வெட்டுக்கிளி என்ன ஆகும், வெட்டுக்கிளி இல்லாமல் பருந்து என்ன செய்யும், அடுத்த மழையில் வைப்பாறு வழியாகச் சிப்பிகுளத்து இறாலுக்கு என்ன போகும்? குருவிகுளத்திலிருந்து பஸ் ஏறி விலங்கியல் படிக்கப் போகிற பெண்ணின் வீட்டு வாசலில் கிடக்கிற கேள்விகள் இவை. அவள் பாடத்திட்டத்தில் ஆப்பிரிக்கச் சவானாவின் உணவு வலை இருக்கிறது. சிங்கம், வரிக்குதிரை எல்லாம் பிழையில்லாமல் வரைந்திருக்கிறாள்.

சீமைக் கருவேல மரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஒன்றியத்துக் கலிங்கப்பட்டிக்காரரான வைகோ தொடுத்த வழக்கில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை 2017-ல் அதை வேரோடு அகற்றச் சொன்னது. ஊர் ஊராக இயந்திரம் இறங்கியது. சில மாதத்தில் உயர்நீதிமன்றத்தின் இன்னோர் அமர்வு, அறிவியல் சான்று வரட்டும் என்று நிறுத்திவைத்துக் குழு போட வைத்தது. பல பத்தாண்டுகளாகத் தெற்கத்திச் சீமை முழுக்க நிற்கிற மரம். நிலத்தடி நீரை அது எவ்வளவு குடிக்கிறது என்று நீதிபதி கேட்ட நாளில், அதன் நிழலில் இருக்கிற கல்லூரிகளிலிருந்து உடனே எடுத்து நீட்ட ஒரு அளவு இல்லாமல் போயிற்று. நீதிமன்றம் முந்திக்கொண்டது, துறைகள் அவசரப்படுவதில்லை.

நடந்து போய்ப் பார்க்கிறவர்கள் இல்லாமல் இல்லை. தாமிரபரணிப் பாசனக் குளங்களில் 2011 முதல் வருடந்தோறும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. மணிமுத்தாற்றில் இருக்கும் ஏட்ரீ அமைப்பினர் ஒருங்கிணைக்க, பள்ளிப் பிள்ளைகளும் விவசாயிகளும் கல்லூரி மாணவர்களும் விடியலில் குளக்கரையில் நின்று எண்ணுகிறார்கள். கணக்கைத் தமிழில் ஊருக்குச் சொல்கிறார்கள். அதற்குச் செலவு கொஞ்சம்தான். தேவைப்படுவது காலில் சேறு.

கடைசியாக வாய்மொழித் தேர்வு. நம் பல்கலைக்கழகங்களில் முனைவர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு பொதுமக்கள் முன்னிலையில் நடக்க வேண்டும் என்பது விதி. எவ்வளவு உயர்ந்த ஏற்பாடு இது! யாரும் வரலாம், கேள்வி கேட்கலாம், ஆய்வேட்டை முன்கூட்டி நூலகத்தில் பார்க்கலாம் என்று அறிவிப்பில் எழுதியிருக்கும். அறிவிப்பு துறைப் பலகையில் தொங்கும். தேர்வு வேலை நாளில், காலை பதினொரு மணிக்கு, துறை அரங்கில். தேநீருக்குப் பிறகு பட்டம் பரிந்துரைக்கப்பட்டது என்று அறிவிப்பார்கள், எல்லோரும் கைதட்டுவார்கள். பொதுமக்களிடமிருந்து கேள்வி எதுவும் வராமல் முடிந்த இத்தனை ஆண்டுத் தேர்வுகள், ஆய்வுகள் எவ்வளவு ஐயத்துக்கு இடமற்றவை என்பதற்குச் சான்று.

விதியைப் படித்துப் பார்த்தேன். அரங்கில்தான் நடத்த வேண்டும் என்று எனக்கு அதில் தென்படவில்லை. பவளப்பாறை பற்றிய அடுத்த தேர்வைத் திரேஸ்புரத்தில் படகு கரையேறுகிற பிற்பகலில் வைக்கலாம். ஐயாமாரும் அம்மாமாரும் வரலாம். நாடாவை விரித்த பாரின் பெயரை மாணவர் சொல்லட்டும், கூட்டிக்கொண்டு போன சங்குக்காரர் முன்வரிசையில் உட்கார்ந்து முதல் கேள்வியைக் கேட்கட்டும். பூனைப் பருந்து பற்றி யாராவது எழுதினால் குருவிகுளத்தில் வைக்கலாம். ஊர்ப் பள்ளிக்கூடத்தைத் திறந்துவிட நாங்கள் பேசிக்கொள்கிறோம்.